புதிய மெட்டல் டிடெக்டரைக் கொண்டு புதையல் தேடப் பழகுவது எப்படி?

இங்கிலாந்தில் குடியிருக்கும் நீங்கள், மெட்டல் டிடெக்டர் வாங்கி இரண்டு வாரமாகியும் அது ஓயாமல் கத்துகிறது, தோண்டினால் ஆணியும் தகரமுமே வருகின்றன, எந்த அமைப்பை மாற்றினால் பொன்னுக்கும் வெள்ளிக்கும் மட்டும் ஒலிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். சஃபோக் வயல்களில் ஆறு ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் தேடி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படி ஓர் அமைப்பு எந்தக் கருவியிலும் இல்லை. இருப்பதாக நம்பித்தான் என் முதல் மூன்று மாதங்களை நான் வீணாக்கினேன்.

கருவியின் அடியிலுள்ள ‘காயில்’ என்ற வட்டமான கம்பிச்சுருள், இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கும் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அது பட்ட உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து, அதுவும் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, அந்தப் பதில் எவ்வளவு வலுவாக, எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை அளந்து கருவி நமக்கு ஓர் எண்ணையும் ஒலியையும் தருகிறது. உலோகத்தின் வகையோடு அதன் அளவும் தடிமனும் மண்ணில் கிடக்கும் சாய்வும் சேர்ந்தே அந்த எண் அமைவதால், மெல்லிய தங்க மோதிரமும் குளிர்பான டின்னிலிருந்து பிய்த்தெறிந்த அலுமினிய வளையமும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். வளையம் வேண்டாமென்று அந்த எண்ணை அடைத்துவிட்டால் மோதிரத்துக்கும் சேர்த்தே கதவை அடைத்தவர் ஆவீர்கள். மறுபுறம், குதிரை லாடம் போன்ற பெரிய இரும்புத் துண்டு வெள்ளிக்குரிய உயர்ந்த எண்ணைக் காட்டி ஏமாற்றுவதும் உண்டு. பிறர் சொல்லும் எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். எண்களின் அளவுகோல் கருவிக்குக் கருவி மாறும்: மைன்லேப் நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் 800-இல் அது 40-இல் முடிகிறது, காரெட், நோக்டா நிறுவனங்களின் கருவிகள் பலவற்றில் 99 வரை போகிறது.

ஆகவே வயலுக்குப் போவதற்கு முன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் பொருள்களை ஒவ்வொன்றாக வைத்து, திரையைப் பார்க்காமல் ஹெட்போனில் கேட்டுப் பழகுங்கள். 1990-ஆம் ஆண்டின் ஒரு பென்னியையும் 2005-ஆம் ஆண்டின் ஒரு பென்னியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முன்னது வெண்கலம், பின்னது செம்புப் பூச்சிட்ட எஃகு. 1992-இல் நடந்த இந்த மாற்றத்தைக் கண் அறியாது, காது உடனே அறியும். எனக்கு இந்த ஒரு பயிற்சி, கையேட்டின் அத்தனை பக்கங்களையும்விட அதிகம் கற்றுத் தந்தது. பிறகு அதே பொருள்களை ஐந்து, பத்து, பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, ஆழம் கூடக்கூட ஒலி எப்படி மெலிகிறது, எண் எப்படித் தடுமாறுகிறது என்று கவனியுங்கள்.

ஓயாத கத்தலுக்குப் பெரும்பாலும் காரணம், ஆழமாகத் தேட வேண்டும் என்ற ஆசையில் உணர்திறனை உச்சத்தில் வைப்பதே. மின்கம்பிகளுக்கு அருகிலும், சட்டைப்பையில் கைப்பேசி இருக்கும்போதும் இது இன்னும் மோசமாகும். கருவி அமைதியாகும் வரை உணர்திறனைக் குறையுங்கள். காயிலைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்கி மண்ணுக்கேற்பச் சமன்செய்யுங்கள். அதன்பின் ஐம்பது மணி நேரம் வேறு எந்த அமைப்பையும் தொடாதீர்கள். காயிலை வீசும்போது அது ஊஞ்சல்போல் இரு ஓரங்களிலும் மேலெழாமல், தரையை ஒட்டியே மெதுவாகச் செல்ல வேண்டும். ஒலி கேட்டால் தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். ஒரு திசையில் இனிமையாக ஒலித்து, மறு திசையில் உடைந்து கரகரத்தால் அது அநேகமாக இரும்பு.

அந்த ஐம்பது மணி நேரத்தில் இரும்பு என்று தெளிவாகத் தெரிவதைத் தவிர மற்ற அனைத்தையும் தோண்டுங்கள். துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடியும், ஈயத் துண்டும், பொத்தானும் வாளி நிறையக் கிடைக்கும். சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் அலுமினியத் தாள் என்று பல வாரம் ஒதுக்கி வந்த அதே தாழ்ந்த ஒலியை, ஒரு நவம்பர் மாலையில் வேறு ஒலியே கிடைக்காத காரணத்தால் மட்டும் தோண்டியபோது, 1561 என்று ஆண்டு பொறித்த, முதலாம் எலிசபெத் காலத்து மூன்று பென்னி வெள்ளி நாணயம் கைக்கு வந்தது. ஒன்றரை கிராம்கூட இராது. அதற்கு முன் அந்த ஒலியில் எத்தனை நாணயங்களைக் கடந்து நடந்திருப்பேனோ என்ற எண்ணம் இன்றும் உறுத்துகிறது.

நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிய அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட, நாணயமல்லாத தங்க, வெள்ளிப் பொருளோ, ஒரே இடத்தில் அத்தகைய நாணயங்கள் இரண்டோ அதற்கு மேலோ கிடைத்தால் பதினான்கு நாள்களுக்குள் கொரோனருக்கு (மரணங்களோடு புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். என் ஒற்றை நாணயம் அந்த வரையறைக்குள் வரவில்லை. எனினும் எங்கள் மாவட்டத்தின் தொல்பொருள் தொடர்பு அலுவலரிடம் காட்டி, கிடைத்த இடத்தோடு பதிவு செய்தேன்.

ஒன்றுக்கு மேற்பட்ட நாணயங்கள் ஒரே குழியில் தென்பட்டால் அங்கேயே தோண்டுவதை நிறுத்திவிட்டு அந்த அலுவலரை அழையுங்கள். 1992-இல் இதே சஃபோக்கின் ஹாக்ஸன் கிராமத்தில், நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடப் போன எரிக் லாஸ் அப்படித்தான் பாதியில் நிறுத்தித் தகவல் கொடுத்தார். அதனால்தான் ஏறத்தாழ 15,000 ரோமானிய நாணயங்களும், நகைகளும், வெள்ளிக் கரண்டிகளும் மரப்பெட்டிக்குள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன என்பது வரை ஆய்வாளர்களால் அறிய முடிந்தது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.