தனியா வர்றீங்களா? சாயங்காலம் சேலம், மறுநாள் ஏற்காடு

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு. டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை சேலத்துல பேங்க் எக்ஸாம், மூணு மணிக்கு முடிஞ்சிரும். அன்னைக்கே திரும்பாம ஒரு ராத்திரி தங்கி ஞாயித்துக்கிழமை ஏற்காடு பாத்துட்டு ராத்திரி பஸ் ஏறலாம்னு ஆசை. கூட வர ஆள் இல்ல. வீட்ல தனியா மலைக்கு எதுக்குன்னு கேக்குறாங்க. சேலத்துல சாயங்காலம் எங்க போலாம், ஏற்காட்டுல ஒரே நாள்ல எல்லா பாயின்ட்டும் பாக்க முடியுமா, பயமில்லாம போய்ட்டு வரலாமா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: தாராளமா வாங்க கண்ணு. எங்க ஊரு அப்படி ஒண்ணும் மிரட்டுற ஊரு இல்ல. ரூமு மட்டும் வர்றதுக்கு முன்னாடியே போன் பண்ணி பேசிருங்க, "ஒரு ஆள்தான், பொண்ணு, தனியா வர்றேன், ரூம் தருவீங்களா"ன்னு நேராவே கேளுங்க. சில லாட்ஜ்ல தனியா வர்ற பொண்ணுங்களுக்கு ரூம் இல்லைன்னு வாசல்ல வெச்சு சொல்லுவாங்க, எனக்கே வேற ஒரு ஊர்ல ராத்திரி ஒன்பது மணிக்கு பையோட நிக்க வெச்சு அப்படி சொல்லிருக்காங்க, அந்த நிமிஷம் எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும். ஒரிஜினல் ஆதார் கையில வெச்சுக்கங்க. ரூமு புது பஸ் ஸ்டாண்ட் பக்கமா பாருங்க, காலைல ஏற்காடு பஸ் அங்கதான், ராத்திரி ஊருக்கு பஸ் ஏறுறதும் அங்கதான்.

சாயங்காலத்துக்கு பழைய பஸ் ஸ்டாண்ட் போயிருங்க, டவுன் பஸ் நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்கு. அங்கருந்து எல்லாமே நடந்து போற தூரம். சுகவனேஸ்வரர் கோயில்ல கொஞ்ச நேரம் பிரகாரத்துல உக்காருங்க, சுக முனிவர் கிளி ரூபத்துல பூஜை பண்ண இடம்னு சொல்லுவாங்க, சுகம்னா கிளி, அந்தப் பேருதான் சாமிக்கு. பரீட்சை எழுதிட்டு வந்த தலைக்கு அந்த கல்லுத்தரை அவ்ளோ நல்லது. அப்புறம் கோட்டை மாரியம்மன், எங்க ஊருக்கு தாய் அவதான். ஆடி மாசம் வந்தா அந்தப் பக்கம் தலைதான் தெரியும், தரை தெரியாது, நீங்க வர்ற டிசம்பர்ல நிம்மதியா நின்னு கும்பிடலாம். வெளிய வந்தா பூ மார்க்கெட், சின்னக்கடை வீதி, பாத்திரக்கடை, துணிக்கடைன்னு லைட்டும் ஜனமுமா இருக்கும், தனியா நடக்க இதவிட நல்ல இடம் இல்ல, யாரும் நம்மள திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. கொலுசு வாங்குற ஆசை இருந்தா செவ்வாய்ப்பேட்டை போகணும். வெள்ளிக் கொலுசுக்கு சேலம்னு நாடே சொல்லுது, அது அங்கயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் பட்டறை பட்டறையா உக்காந்து செய்யுறவங்களால வந்த பேரு.

இப்ப முக்கியமான விஷயம், தட்டுவடை செட்டு. இத சாப்பிடாம போனா சேலம் வந்ததா கணக்கில்ல. தள்ளுவண்டியோ சின்ன கடையோ, கூட்டம் எங்க நிக்குதோ அங்க நில்லுங்க. அந்த அண்ணன் கை வேகத்த பாருங்க முதல்ல. உள்ளங்கையில பாதி கூட இல்லாத சின்னச் சின்ன தட்டைய வரிசையா பரப்பி, ஒவ்வொண்ணு மேலயும் செவப்புச் சட்னி பச்சை சட்னி தடவி, துருவுன பீட்ரூட் கேரட்டு வெங்காயம் கொஞ்சமா அள்ளி வெச்சு, மேல இன்னொரு தட்டைய போட்டு மூடி நீட்டுவாரு. அத வாங்கி போட்டோ எடுத்துட்டு நிக்கக் கூடாது, நமத்துப் போயிரும். முழுசா ஒரே வாயில போடணும், தட்டை நொறுங்குற சத்தமும் பீட்ரூட்டோட இனிப்பும் பூண்டுக் காரமும் ஒண்ணா வரணும், பாதி கடிச்சா மீதி சட்டையில விழுந்துரும். ஒரு பிளேட் செட்டு, அப்புறம் ஒரு நொறுக்கல், அதாவது அதே தட்டையையும் முறுக்கையும் கையால ஒடச்சு சட்னி வெங்காயம் போட்டு கெளறி தர்றது. காரம் ஆகாதுன்னா முன்னாடியே சொல்லிருங்க. ராத்திரி டிபன் லேசா இட்லி போதும், மறுநாள் மலை ரோட்டு வளைவு இருக்குல்ல.

ஒன்பது மணிக்குள்ள ரூமுக்கு போயிருங்க. பயத்துக்கு சொல்லல, காலைல ஏழு மணிக்கெல்லாம் நீங்க பஸ்ல இருக்கணும். ஞாயித்துக்கிழமை எட்டரைக்கு மேல போனா நின்னுக்கிட்டுதான் மலை ஏறணும்.

பஸ்ஸு அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியா அடிவாரம் போகும். ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸோட வாசல் வளைவு ஒண்ணு நிக்கும், கண்ண வெச்சுப் பாருங்க. டி.ஆர்.சுந்தரம் 1930கள்ல ஆரம்பிச்ச சினிமா ஸ்டுடியோ, எம்.ஜி.ஆரும் கலைஞரும் வேலை செஞ்ச இடம், இப்ப மிச்சம் நிக்கிறது அந்த வாசல்தான். எனக்கு அத தாண்டும்போதெல்லாம் மனசு ஒரு மாதிரி ஆகும். அடிவாரம் தாண்டுனா மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. எந்தப் பக்க சீட்டுல உக்காந்தா வியூ கிடைக்கும்னு நெறைய பேரு கேக்குறாங்க, எந்தப் பக்கமும் ஒண்ணுதான் கண்ணு, ஒவ்வொரு வளைவுலயும் பள்ளம் பக்கம் மாறிக்கிட்டே இருக்கும். ஜன்னல் சீட்டு, வெறும் வயித்துல போகாதீங்க, முட்டவும் சாப்பிடாதீங்க, ஒரு எலுமிச்சம்பழம் கையில இருக்கட்டும்.

இப்ப "எல்லா பாயின்ட்டும்"ங்கறதுக்கு வர்றேன். வேண்டாம். நான் முதல் தடவை தனியா போனப்போ பஸ்ஸ விட்டு இறங்குன உடனே ஒரு வண்டிக்காரர் பன்னெண்டு பாயின்ட் காட்டுறேன்னு சொன்னாரு, ஏறிட்டேன். ஒரு இடத்துக்கு பத்து நிமிஷம், ஹாரன் அடிச்சு கூப்பிடுவாரு, ஓடி வரணும். சாயங்காலம் வீட்ல என்ன பாத்தேன்னு அம்மா கேட்டப்போ எனக்கு வரிசையா பேருதான் சொல்ல முடிஞ்சுது. ஏற்காடு ஊட்டி மாதிரி பெருசு பெருசா காட்டுற மலை இல்ல. அது உக்காந்தாத்தான் தெரியும். அதனால மூணு இடம் போதும்.

முதல்ல சேர்வராயன் கோயில், காலைலயே போயிருங்க, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி. ஏரிக்கிட்ட இருந்து ஆட்டோ பேசணும், போக, காத்திருக்க, வர, எல்லாம் சேத்து ஒரே ரேட்டா பேசிட்டு ஏறுங்க, வண்டி நம்பர வீட்டுக்கு அனுப்பிருங்க. 5,300 அடிக்கு மேல, மொட்டையா புல்லு வெளி, காத்து ஆளத் தள்ளும். குனிஞ்சுதான் குகைக்குள்ள போக முடியும், விளக்கு வெளிச்சத்துல சேர்வராயனும் காவேரி அம்மனும். இந்தக் குகை உள்ளயே போய் காவேரி ஆத்துல சேருதுன்னு ஒரு நம்பிக்கை. மலையில காலங்காலமா இருக்குற மலையாளி பழங்குடி ஜனங்களோட சாமி இது, பேரு மலையாளின்னாலும் அவங்க பேசுறது தமிழு, மலைய ஆளுறவங்கன்னு அர்த்தம் சொல்லுவாங்க. நாம அவங்க வீட்டுக்குள்ள போறோம்ங்கற நெனப்போட போகணும், சத்தமா ரீல்ஸ் எடுக்குற இடம் இல்ல அது.

போற வழியில காபித் தோட்டம். டிசம்பர்ல பழம் செவந்து கொத்துக் கொத்தா கிடக்கும், அம்மாக்கள் இடுப்புல சாக்கு கட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா பறிப்பாங்க. மேல நெழலுக்கு சில்வர் ஓக் மரம், அந்த மரத்த சுத்தி மிளகுக் கொடி, ஒரே எடத்துல மூணு வெள்ளாமை. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டாந்தது இந்தக் காபி. வண்டிய நிறுத்தி ஒரு பழத்த வாங்கி வாயில போட்டு பாருங்க, காபி வாசமே இருக்காது, லேசா இனிக்கும் அவ்ளோதான்.

மத்தியானம் ஏரி. ஏரியும் காடும் சேந்துதான் ஏற்காடுன்னு பேரே. படகுக்கு கியூ பெருசா இருந்தா விட்டுருங்க, கரையில நடந்துட்டு சூடா மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கங்க. கையில பிளாஸ்டிக் கவர் தொங்க விடாதீங்க, குரங்கு பறிச்சுட்டுப் போயிரும்.

மூணு மணிக்கு லேடீஸ் சீட், அது மலை விளிம்புல இருக்குற வியூ பாயின்ட்டோட பேரு. அங்கருந்து வளைஞ்சு வளைஞ்சு நீங்க ஏறி வந்த ரோடு முழுசா கீழ கெடக்கும், அதுக்கு அப்பால சேலம். வானம் தெளிஞ்சிருந்தா மேற்கால மேட்டூர் தண்ணி பளபளன்னு தெரியும். மூடுபனி வந்தா ஒண்ணும் தெரியாது, அப்பவும் எந்திரிச்சு போயிராதீங்க, அரை மணி நேரத்துல அது கிழியும், கிழியும்போது கீழ ஒரு துண்டு ரோடு, ஒரு பஸ்ஸு, மறுபடி வெள்ளை. நேத்து சாயங்காலம் நாம நடந்த ஊரு அங்க கீழ இருக்குன்னு தனியா உக்காந்து பாக்குறப்போ வர்ற ஒரு சந்தோஷம் இருக்கே, பக்கத்துல யாராவது பேசிக்கிட்டு இருந்தா அது கிடைக்காது. வீட்ல எதுக்குன்னு கேட்டா இதுக்குத்தான்னு சொல்லுங்க.

ஆனா ஊரு லைட்டு எரியுறத பாத்துட்டு போலாம்னு மட்டும் நிக்காதீங்க. டிசம்பர்ல ஆறு மணிக்கெல்லாம் இருட்டிரும், பனியும் இறங்கிரும். காலைல இறங்குனதுமே திரும்பி வர்ற பஸ் டைம கேட்டு போன்ல எழுதி வெச்சுக்கிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸுக்கும் முந்தினதுல ஏறுங்க. ஸ்வெட்டர், சில்லறை, பவர் பேங்க், மூணும் பையில.

கேள்வி: என் மகள் இதே மாதிரி தனியா ஏற்காடு போகணும்ங்கறா. அனுப்பலாமா?
- வாசகர், தர்மபுரி

பதில்: அனுப்புங்க சார். ஒண்ணு மட்டும் சொல்றேன், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா போன் போடாதீங்க. வளைவுலயும் எஸ்டேட் பக்கமும் சிக்னல் போயிட்டு போயிட்டு வரும், நீங்க இங்க பதறுவீங்க, அவ அங்க சார்ஜ் தீந்து நிப்பா. மேல இறங்குனதும் ஒண்ணு, மத்தியான சாப்பாட்டுக்கு ஒண்ணு, இறங்குற பஸ்ஸுல ஏறுனதும் ஒண்ணு, மூணு போன்னு ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கங்க.

கேள்வி: கிளியூர் அருவிக்கு தனியா போலாமா? மே மாசம் வர்றேன்.
- வாசகி, கரூர்

பதில்: மே மாசம் தண்ணி இருக்குறது சந்தேகம்தான், மழைக்கு அப்புறம் பாக்க வேண்டிய அருவி அது. படி செங்குத்தா இறங்கும், ஏறி வரும்போது மூச்சு வாங்கும், கால் பிசகுனா தூக்கிவிட பக்கத்துல ஆள் வேணும், அதனால தனியா வேண்டாம், குடும்பமா நாலு பேர் இறங்குறப்போ கூட சேந்து போங்க. மே மாசம்னா சேர்வராயன் கோயில் திருவிழா, கோடை விழா, அண்ணா பூங்கால மலர்க் கண்காட்சின்னு மலையே ஜனமா இருக்கும், சனி ஞாயிறு விட்டுட்டு செவ்வாய் புதன் பாத்து வாங்க. கீழ இறங்குனதும் மல்கோவா ரெண்டு கிலோ வாங்கிக்கங்க, காம்புக்கிட்ட மோந்து பாத்து வாங்கணும், வாசம் வரலைன்னா அது இன்னும் ரெண்டு நாள் அரிசி டப்பாவுக்குள்ள இருக்கணும்.