கோச் போய்விட்டார், மகன் எங்கே ஆடுவான்?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். டெக்சஸில் இருக்கிறீர்கள். மகன் பதினொன்றாம் வகுப்பு, ஆறடி ஐந்து அங்குலம். ஒரு நடுத்தரக் கல்லூரியின் கூடைப்பந்து கோச் வீடு தேடி வந்து, இட்லி சாப்பிட்டு, "இவனுக்கு எங்களிடம் இடம் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றே மாதத்தில் அவர் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டார். இப்போது மகனின் ஏ.ஏ.யு. அணியோடு (பள்ளிக்கு வெளியே ஆடும் கிளப் அணி) சுற்றும் ஒருவர், "பயணச் செலவை ஒரு நண்பர் பார்த்துக்கொள்வார், இந்தத் தாளில் ஒரு கையெழுத்து மட்டும்" என்கிறார். உங்கள் கணவர் போட்டுவிடலாம் என்கிறார், உங்களுக்குத் தயக்கம்.

போடாதீர்கள் அம்மா. அந்தத் தாளை ஒரு வழக்கறிஞர் பார்க்கும்வரை பேனாவையே எடுக்க வேண்டாம். பணத்தையும் வாங்க வேண்டாம், விமான டிக்கெட்டாக வந்தாலும் சரி.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், இதே மாதிரி ஒரு வீட்டில் நடந்த கதை அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. பிரையன் போவன் என்ற பையன், மிச்சிகனைச் சேர்ந்தவன், நாட்டின் மிகச் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்களில் ஒருவன். 2017இல் லூயிவில் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தான். அதன் அணி ஒப்பந்தப்படி அடிடாஸ் ஷூ அணியும். அவன் அங்கே சேர்வதற்காக அடிடாஸ் தரப்பிலிருந்து அவன் அப்பாவுக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாகப் பேச்சு. அதில் கைக்கு வந்தது 19,500 டாலர். அந்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று நியூயார்க் கூட்டாட்சி வழக்கறிஞர் அலுவலகம் பத்துப் பேர்மீது குற்றம் சாட்டியது. எஃப்.பி.ஐ. வெகுநாளாக அவர்களின் தொலைபேசிகளை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

பையன்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் அப்பா வாங்கிய பணத்தால் அவனால் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. லூயிவில் விட்டு சவுத் கரோலினாவுக்குப் போனான், அங்கேயும் தகுதி கிடைக்கவில்லை. கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் சிட்னி கிங்ஸ் அணியில் ஆடினான். அப்பா 2018இல் அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறி அழுதார். அவர் கெட்ட மனிதர் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரோ தட்டில் வைத்து நீட்டியதை மறுக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

இதில் பணம் கொடுத்தவனுக்கு என்ன லாபம் என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் விதிப்படி பத்தொன்பது வயதும், பள்ளி முடிந்து ஒரு வருடமும் ஆகாமல் அங்கே நுழைய முடியாது. அந்த இடைப்பட்ட காலத்தில் பையன் யார் கையில் இருக்கிறானோ, அவனுக்குத்தான் நாளைய ஷூ ஒப்பந்தமும் ஏஜென்ட் கமிஷனும். அதனால்தான் அந்த வழக்கில் உதவிப் பயிற்சியாளர்களும் சிக்கினார்கள். ஆபர்ன் கல்லூரியின் சக் பெர்சன் 91,500 டாலர் வாங்கினார். ஒருகாலத்தில் என்.பி.ஏ.வில் ஆடியவர். ஓக்லஹோமா ஸ்டேட், அரிசோனா கல்லூரிகளின் உதவிப் பயிற்சியாளர்கள் ஆளுக்கு இருபதாயிரம் டாலர் அளவில் வாங்கி, மூன்று மூன்று மாதம் சிறை போனார்கள். இதற்கெல்லாம் கைம்மாறு ஒன்றுதான்: தங்களை நம்பும் பையன்களையும் பெற்றோரையும் குறிப்பிட்ட நிதி ஆலோசகரிடமோ ஏஜென்டிடமோ கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஏ.ஏ.யு. அணியோடு சுற்றும் அந்த நல்ல மனிதர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய "நண்பர்" யார், அவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

"இப்போதுதான் மாணவர்கள் சம்பாதிக்கலாம் என்று சட்டம் வந்துவிட்டதே, இதில் என்ன தப்பு?" என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்துக்குப் பிறகு, கல்லூரிகளே தங்கள் வீரர்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கலாம்; முதல் வருடமான 2025-26இல் உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். எனவே 2017இல் உறையில் போன பணத்துக்கு இன்று கணக்கு எழுதுகிறார்கள். ஆனால் கணக்கில் வந்ததாலேயே ஒப்பந்தம் நல்லதாகிவிடாது. ஜெர்வான் டெக்ஸ்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் ஃப்ளோரிடாவில் படிக்கும்போது 4,36,485 டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். தாளில் இருந்தது என்ன தெரியுமா? தொழில்முறை ஆட்டத்துக்குப் போனால், 25 வருடத்துக்கு, வரிக்கு முந்தைய சம்பளத்தில் 15 சதவீதத்தைப் பணம் கொடுத்த நிறுவனத்துக்குத் தர வேண்டும். பிறகு வழக்குப் போட வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டு மேசையில் இருக்கும் தாளில் எத்தனை சதவீதம், எந்த வருமானத்தில், எத்தனை வருடம் என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நம் ஆட்களில் பலர் கிரீன் கார்டு வரிசையில் நிற்பதால் கேட்கிறேன். மகன் எச்-4இல், அதாவது பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில், இருந்தால் அவன் சம்பாதிக்கவே முடியாது. 21 வயதானால் எச்-4 முடிந்து, பெரும்பாலும் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டும். எஃப்-1இலும் வேலைக்குக் கடுமையான கட்டுப்பாடு. கனடாவிலிருந்து பர்டியூ பல்கலைக்கழகத்துக்கு வந்த ஸாக் ஈடி இரண்டு முறை நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருது வாங்கியவர். அவருக்கே இந்த விசாவால் மற்றவர்களைப் போல விளம்பரப் பணம் பார்க்க முடியவில்லை. அமெரிக்கப் பையனுக்குச் சரியாக இருக்கும் ஒப்பந்தம் உங்கள் மகனின் விசாவையே கெடுக்கலாம். கோச்சுக்கோ ஏ.ஏ.யு. ஆளுக்கோ இது தெரியாது. குடியேற்ற வழக்கறிஞரிடம் மட்டும் கேளுங்கள்.

சரி, போன கோச்சுக்கு வருவோம். அவர் உங்களை ஏமாற்றினார் என்று வருந்துகிறீர்கள். அவர் தொழிலே அதுதான். ஜெயித்தால் பெரிய இடம் கூப்பிடும், தோற்றால் கல்லூரி அனுப்பிவிடும். லூயிவில்லையே பாருங்கள்: 2017 செப்டம்பரில் ரிக் பிட்டினோ இருந்தார், அப்புறம் டேவிட் பேட்ஜெட், கிறிஸ் மேக், இடைக்காலமாக மைக் பெகீஸ், 2022 மார்ச்சில் கென்னி பெய்ன். ஐந்து வருடத்துக்குள் ஐந்து பேர். கென்டக்கியில் 2024இல் ஜான் காலிபாரி அர்கான்சஸுக்குப் போனார். சில பையன்கள் அவர் பின்னாலேயே போனார்கள், மற்றவர்கள் வேறு வேறு பக்கம். புதிய கோச் மார்க் போப் வந்து பார்த்தபோது, பழைய ஸ்காலர்ஷிப் வீரர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

தலைமைப் பயிற்சியாளர்கள் எப்படியும் எழுந்துவிடுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிட்டினோமீது குற்ற வழக்கே வரவில்லை. லூயிவில் நீக்கியது, கிரீஸுக்குப் போய் வந்து, இன்று நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் இருக்கிறார். அரிசோனாவில் 2021இல் வேலை இழந்த ஷான் மில்லர் 2025இல் உங்கள் மாநிலத்தின் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டார். அதிகம் அடிபட்டவர்கள் சிறிய ஆட்களும் போவன் என்ற அந்தப் பையனும்தான். எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பெற்றோரிடம் ஒரு சின்னப் பயிற்சி செய்யச் சொல்வேன். பட்டியலில் இருந்து கோச்சின் பெயரை அடித்துவிடுங்கள். மகனுக்கு முழங்காலில் அடிபட்டு ஒரு வருடம் ஆடவில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லூரியில் அவன் படிக்க நினைக்கும் பாடம் இருக்கிறதா? ஸ்காலர்ஷிப் ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா? ஆய்வகம் மாலை நான்கு மணிக்கு என்றால், பயிற்சியை விட்டுப் போக விடுவார்களா? கோச் மாறினால் ஸ்காலர்ஷிப் என்ன ஆகும்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

"பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம்" என்று பையன் சொல்வான். உண்மைதான், முன்பு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும், 2024இல் அந்தத் தடை முழுக்கப் போய்விட்டது. ஆனால் முடித்த பாடங்களுக்கான கிரெடிட்கள் பையனோடு அப்படியே வருவதில்லை. ஆடும் தகுதி நீடிக்க, மூன்றாம் வருடம் தொடங்கும்போது பட்டத்தில் 40 சதவீதம், நான்காம் வருடம் 60 சதவீதம் முடித்திருக்க வேண்டும். நான் ஆலோசனை சொன்ன ஒரு பையன் இயந்திரப் பொறியியல் படித்தவன். கோச் போனதும் மாறினான். புதிய இடத்தில் பாதிப் பாடங்களை ஏற்கவில்லை. ஆடுவதற்காக, பொறியியலை விட்டு வேறு ஏதோ ஒரு பட்டத்துக்குப் போனான். இன்று நல்ல வேலையில் இருக்கிறான், ஆனால் அவன் அம்மா இன்னும் என்னிடம் அந்தப் பேச்சை எடுப்பார்.

என்.பி.ஏ. கனவைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான முதல் டிவிஷனில் 350க்கு மேல் கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் சுமார் பதினைந்து பேர். வருடாந்தரத் தேர்வில் என்.பி.ஏ. எடுப்பது அதிகபட்சம் அறுபது பேர், அதிலும் வெளிநாட்டவர் உண்டு. கணக்கை மகனே போட்டுக்கொள்ளட்டும்.

எதற்கும் ஒரு எச்சரிக்கை. நல்ல கல்லூரிக்குள் நுழைய விளையாட்டை ஒரு கள்ள வழியாகக் காட்டுகிறவர்களும் வருவார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச்சாக இருந்த ஜெரோம் ஆலன், ஒரு பணக்காரரின் மகனை ஆட்டக்காரன் என்று பட்டியலில் சேர்க்கச் சுமார் மூன்று லட்சம் டாலர் வாங்கி, 2018இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். உங்கள் பையனுக்கு அந்த அவசியமே இல்லை, அவன் உண்மையாகவே ஆடுகிறான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: புதிய கோச்சுக்கு மகனே போன் செய்யட்டும், நீங்கள் வேண்டாம். "பழைய கோச் எனக்கு இடம் தருவதாகச் சொன்னார், அது இன்னும் இருக்கிறதா?" என்று நேராகக் கேட்கட்டும். வாய்ச்சொல் இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. பன்னிரண்டாம் வகுப்பில் வரும் ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம்தான் கணக்கு. அதுவரை மூன்றாவது டிவிஷன் கல்லூரிகள் இரண்டையாவது பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் மதிப்பெண்ணுக்கும் குடும்ப நிலைக்கும் நல்ல உதவி கிடைக்கும் இடங்கள் உண்டு. புதிய கோச் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், அடுத்ததை அதற்குப் பிறகு பார்க்கலாம்.