நிஃப்ட் படிக்காமல், சென்னையில் இருந்துகொண்டே ஃப்ரீலான்ஸ் ஸ்டைலிஸ்ட் ஆக முடியுமா?

கேட்டவர் எழுதியிருந்தது இதுதான்: "வயது 26. ஐ.டி. வேலை. உடை விஷயத்தில் எனக்கு நல்ல ரசனை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஃபேஷன் எதுவும் படிக்கவில்லை. சென்னையிலேயே ஃப்ரீலான்ஸ் ஸ்டைலிஸ்டாகப் பிழைக்க முடியுமா? வேலையை விடலாமா?"

பிழைக்க முடியும். ஒன்பது வருஷமாக நான் அப்படித்தான் பிழைக்கிறேன், நானும் நிஃப்ட் என்கிற மத்திய அரசு ஃபேஷன் கல்லூரியின் வாசலை மிதித்ததில்லை. வேலையை மட்டும் இப்போதைக்கு விடாதீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த 'நல்ல ரசனை'. சனிக்கிழமை சாயங்காலம் பாண்டி பஜாரில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். போகிற வருகிற கல்லூரிப் பெண்களில் பாதிப் பேர் என்னைவிட அழகாக உடுத்தியிருப்பார்கள். ரசனை ஊர் முழுக்க இருக்கிறது. எனக்குச் சோறு போடுவது அடுத்தவர் துணியை வாங்கிவந்து, ஷூட் முடித்து, சொன்ன நாளில், வாங்கினது வாங்கினபடி திருப்பிக் கொடுப்பது. ஸ்டைலிஸ்டுக்குச் சொந்தமாகத் துணி கிடையாது. காஸ்ட்யூம் டிசைனர் கதாபாத்திரத்துக்கென்று துணியெடுத்துத் தைக்க வைப்பார். நாங்கள் கடையில் இருப்பதைப் பொறுக்கிச் சேர்ப்பவர்கள். புடவை ஒரு கடை, ரவிக்கை ஒரு டிசைனர், நகை வேறொரு இடம், செருப்பு வாடகை. நான்கு பேர் நம்பிக் கொடுத்தால்தான் எனக்கு ஒரு போட்டோ.

நான் சேலம் பக்கம். பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மூன்று வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சாம்பிள் அனுப்புவது, சைஸ் செட் சரிபார்ப்பது, பட்டன் கலர் மாறிவிட்டது என்று பையருக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் எழுதுவது. அங்கே ஸ்டைலிங் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் எந்தப் பெட்டியில் எத்தனை பீஸ் போனது என்று எழுதி வைக்கிற பழக்கம் வந்தது. நிஃப்ட் மாணவர்கள் பலருக்கு இல்லாத பழக்கம் அது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1995-இல் சென்னையில் தொடங்கிய நிஃப்ட் தரமணியில் இருக்கிறது. அங்கே ஃபேஷன் கம்யூனிகேஷன் நான்கு வருஷப் படிப்பு, ஸ்டைலிங் அதில் ஒரு பகுதி. 18 வயதில் இருந்தால் போய்ச் சேருங்கள் என்பேன். 26 வயதில் நான்கு வருஷத்தை அங்கே கொடுப்பதைவிட ஒரு வருஷத்தை ஒரு சீனியரிடம் உதவியாளராகக் கொடுப்பது மேல்.

உதவியாளர் வேலை எப்படி இருக்கும் தெரியுமா? எனக்கு நாளொன்றுக்கு 1,200 ரூபாய். காலை ஐந்து மணிக்கு ஆட்டோவில் நான்கு பெட்டி, ஒரு ஸ்டாண்ட், நீராவியால் துணிச் சுருக்கம் எடுக்கிற ஸ்டீமர். முதல் வேலை செருப்புகளைக் கவிழ்த்து வைத்து, அடிப்பகுதிக்கு மாஸ்கிங் டேப்பை வார்த்தாற்போல வெட்டி ஒட்டுவது. தரையில் நடந்த தடம் இல்லாமல் திரும்பப் போக வேண்டும் அல்லவா? சட்டையில் தொங்கும் விலைச்சீட்டை அறுக்கக் கூடாது, உள்ளே மடித்து மறைக்க வேண்டும். மேக்கப் முடிந்தபின் தலைவழியாக எதையாவது மாட்டினால், முகத்தின் மேல் மெல்லிய துப்பட்டாவைப் போட்டுவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் காலர் முழுக்க ஃபவுண்டேஷன். அப்புறம் கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பது. பொடிக் கட்டம் போட்ட சட்டை வீடியோவில் நெளியும். பட்டுப் புடவையில் காலர் மைக்கைக் குத்தினால் சரசரவென்று அதுவும் கூடப் பேசும். இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரமாட்டார்கள். திட்டு வாங்கித்தான் தெரிந்துகொண்டேன்.

தனியாக எடுத்த மூன்றாவது வேலையில் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். தி.நகரில் ஒரு கடையில் இரவல் வாங்கிய காஞ்சிபுரம் பட்டு. சந்தன நிற உடல், அரக்கு பார்டர், விலை 38,000. ஷூட்டுக்கு நேரமாகிவிட்டது, மடிப்புக் கோடு போகவில்லை. கையில் பிடிக்கிற ஸ்டீமரை அவசரத்தில் சாய்த்துப் பிடித்தேன். அது நீராவிக்குப் பதில் கொதிநீரைத் துப்பியது. நான்கைந்து சொட்டுதான். காய்ந்ததும் ஒவ்வொன்றும் ஓரம் கறுத்த வளையமாக நின்றது. நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ, கொசுவம் வருகிற இடம். வளையங்களை உள்ளே தள்ளி மடித்து, ஊக்குக் குத்தி, ஷூட்டை முடித்துவிட்டேன். போட்டோவில் ஒன்றும் தெரியாது.

கூட வந்த பெண் சொன்னாள்: "அக்கா, மடிச்சா உள்பக்கம் போயிடும். அவங்க பார்க்கவே மாட்டாங்க." எனக்கும் அந்த யோசனை இருந்தது, பொய் சொல்வானேன். மறுநாள் காலை மேற்கு மாம்பலத்தில் பட்டுக்குப் பாலிஷ் போடும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தண்ணி எடுத்த இடம்மா இது. மொத்தமா நனைச்சா சரியாகலாம். சாயம் எறங்கினா நான் பொறுப்பில்ல" என்றார். நனைக்கத் தைரியம் வரவில்லை. நேராகக் கடைக்குப் போய், பிரித்துக் காட்டிவிட்டேன். அண்ணாச்சி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கோபப்படவில்லை. "சொல்லாம வச்சிட்டுப் போயிருந்தா எப்பத் தெரிஞ்சிருக்கும் தெரியுமா? கல்யாண வீட்டுக்காரங்க பிரிச்சுப் பார்க்கறப்ப" என்றார். 30,000-க்கு முடித்தோம், மாதம் 5,000 வீதம் ஆறு தவணை. அந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த சம்பளம் 12,000.

அந்தக் கடையில் இன்றைக்கும் எனக்கு டெபாசிட் இல்லாமல் புடவை கொடுக்கிறார்கள். வேறு இரண்டு கடைக்கும் அண்ணாச்சியே போன் செய்து சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் பட்டை ஸ்டீமரிடம் காட்டுவதே இல்லை. திருப்பிப் போட்டு, மேலே பழைய பருத்தி வேட்டியை விரித்து, மிதமான சூட்டில் உலர்ந்த இஸ்திரி. ஒவ்வொரு துணியையும் வாங்கும்போதே கடைக்காரர் எதிரில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, ஏற்கெனவே இருக்கிற குறையையும் எழுதி, அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். ஷூட்டில் சேதமானால் பணம் யார் தருவது என்பதையும் க்ளையண்டுக்கு முன்கூட்டியே மெயிலில் எழுதிவிடுவேன்.

துணி எங்கே கிடைக்கும் என்று அடுத்துக் கேட்பீர்கள். இரவல் கிடைக்கும்வரை ஊரைச் சுற்றித்தான் ஆக வேண்டும். எழும்பூர் பாந்தியன் சாலையில் மலிவாகப் பருத்தித் துணி எடுத்துத் தைத்துக்கொள்ளலாம். மொத்த விலைக்குச் சௌகார்பேட்டை, கோடவுன் தெரு. பரதநாட்டிய நகைக்கு மயிலாப்பூர் மாட வீதி. போலீஸ் உடுப்போ ராஜா வேஷமோ வேண்டுமென்றால் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக் கடைகள். மாலில் கார்டைத் தேய்த்து வாங்கி, போட்டோ எடுத்துவிட்டு, 'சைஸ் சரியில்லை' என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. கடைப் பையன்கள் முகத்தை நன்றாக ஞாபகம் வைத்திருப்பார்கள்.

வேலை எந்தப் பக்கமிருந்து வரும்? எல்லோரும் நடிகைகளையும் பத்திரிகை அட்டையையும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பத்திரிகை ஷூட்டில் பெயர் கிடைக்கும், பணம் அநேகமாகக் கிடைக்காது. சினிமாவில் நுழைந்தால், திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியின் சங்க அட்டை இருக்கிறதா என்ற கேள்வி வரும். மாதச் செலவைத் தாங்குவது கேட்லாக்தான். ஆன்லைன் கடைகளுக்கு ஒரே நாளில் 40, 50 குர்தி மாற்றி மாற்றி எடுப்பார்கள். கலைக்கு அங்கே இடமில்லை, கை வேகம்தான் வேண்டும்.

எனக்குப் பிடித்த வேலை ஒன்று நானாகத் தேடாமல் வந்தது: மார்கழிக் கச்சேரி. ஒரு வயலின் கலைஞர், பத்துக் கச்சேரிக்குப் பத்து விதமாக வேண்டும் என்று கூப்பிட்டார். முதல் நாள் இடது தோளில் கல் வைத்த ப்ரோச்சைக் குத்தி அழகு பார்த்தேன். "வயலின் எங்கம்மா வச்சுக்கறது?" என்று சிரித்தார். தோளில் கல்லும் ஜமிக்கியும் இருந்தால் வயலினில் கீறல் விழும். முந்தானையை உள்பக்கமாக ஊக்கிட்டுத் தட்டையாக்க வேண்டும். வில் பிடிக்கிற கைக்கு ரவிக்கைக் கை இறுக்கமாக இருக்கக் கூடாது. வீணை வாசிப்பவருக்கு வளையல் அடுக்கினால் மைக்கில் கிணுகிணுவென்று கேட்கும். எல்லாமே சம்மணம் போட்டு உட்கார்ந்த நிலையில் அழகாக இருக்க வேண்டும், நின்று பார்த்தால் போதாது. நானும் தரையில் உட்கார்ந்துதான் கண்ணாடி பார்ப்பேன். பம்பாயிலிருந்து வரும் ஸ்டைலிஸ்டுக்கு இது தெரியாது. சென்னையில் இருந்துகொண்டு பிழைக்க முடியுமா என்று கேட்டீர்களே, இந்த மாதிரி வேலைகளை நம்பித்தான் முடியும் என்கிறேன்.

இந்தத் தொழிலுக்குத் தமிழ்க் காலண்டர் கட்டாயம் வேண்டும். ஆடித் தள்ளுபடி விளம்பரம் ஆனியிலேயே எடுத்து முடித்துவிடுவார்கள். ஆடி பிறந்ததும் தீபாவளி ஷூட்டுகள் வரிசைகட்டும், ஆகஸ்ட், செப்டம்பரில் தூக்கமே இருக்காது. ஆவணி, தை, வைகாசி கல்யாண மாதங்கள், மணப்பெண் வேலை வரும். மார்கழியில் கல்யாணம் இல்லை, கச்சேரி உண்டு. பொங்கல் முடிந்தபின் விளம்பரக்காரர்கள் யாரும் போன் எடுக்கமாட்டார்கள். முதல் வருஷம் செப்டம்பரில் சம்பாதித்ததை அக்டோபரிலேயே செலவழித்துவிட்டு, மாசியில் அம்மாவிடம் வாடகைக்குக் கேட்டேன்.

சரி, பணம். ஒரு நாள் ஷூட் என்றால் எனக்கு நான்கு நாள் வேலை: துணி தேட இரண்டு நாள், ஷூட் ஒரு நாள், திருப்பிக் கொடுக்க ஒரு நாள். புதிதாக வருபவர்கள் ஷூட் நாளுக்கு மட்டும் கேட்டுவிட்டு அப்புறம் முழிப்பார்கள். நான்கு நாளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள். துணி வாங்கின செலவைத் தனி பில்லாக, ரசீதுகளோடு கொடுங்கள். சம்பளத்தோடு சேர்த்து ஒரே பில்லாகக் கொடுத்தால் துணிக் காசுக்கும் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துவிடுவார்கள். பிடித்த வரி உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள், ஏறாத கதையும் உண்டு. ஜி.எஸ்.டி. பற்றி வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது கவலைப்படலாம்.

ஒரு பிராண்ட் என்னை 40,000 ரூபாய்க்கு ஏழு மாதம் அலைக்கழித்தது. "அக்கவுண்ட்ஸ்ல இருக்கு மேடம்" என்ற வாக்கியத்தை என் போன் ரிங்டோனாகவே வைத்திருக்கலாம். அதன் பிறகு ஆடிட்டர் சொல்லி, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்தேன். இணையத்தில் இலவசம், தனி ஆளும் செய்யலாம். 2006-ஆம் வருஷத்துச் சிறு, குறு தொழில் சட்டப்படி, பதிவு பெற்றவருக்குத் தரவேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது. கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை அந்த நிறுவனம் அந்த வருஷச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. உத்யம் எண்ணை இன்வாய்ஸில் போட ஆரம்பித்த பிறகு, மார்ச் மாதம் அவர்கள் அக்கவுண்ட்ஸிலிருந்தே எனக்குப் போன் வருகிறது.

போர்ட்ஃபோலியோ பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புதிய போட்டோகிராபர், புதிய மேக்கப் ஆர்ட்டிஸ்ட், புதிய மாடல் என்று உங்களைப் போலவே காசில்லாத மூன்று பேரைப் பிடித்து ஞாயிற்றுக்கிழமைகளில் டெஸ்ட் ஷூட் எடுங்கள். பன்னிரண்டு நல்ல படம் போதும். உங்கள் செல்ஃபியை அதில் சேர்க்காதீர்கள்.

இனி வேலையை விடுவது. ஐ.டி.யில் சனி, ஞாயிறு விடுமுறை இருக்கிறது, அதை வைத்து ஒரு வருஷம் யாரிடமாவது உதவியாளராகப் போங்கள். எட்டு மாதச் செலவுக்குப் பணம் வங்கியில் இருக்க வேண்டும். நீங்கள் கேட்காமலே உங்களை இரண்டாவது முறை கூப்பிட்டவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள்.

உதவியாளர் வேலை கேட்டு எங்களுக்கு மெசேஜ் போடுவதென்றால் ஆடி பிறந்த கையோடு போடுங்கள். அப்போது ஸ்டீமர் பிடிக்க ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருப்போம். மாசியில் போட்டீர்கள் என்றால் உடனே பதில் வரும், நானே சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். வேலைதான் இருக்காது.