வில்லியம் வாலஸின் அப்பா பெயர் மால்கமா, ஆலனா?

கேள்வி: ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸின் தந்தை பெயர் சில இடங்களில் சர் மால்கம் என்றும் சில இடங்களில் ஆலன் என்றும் இருக்கிறது. எது சரி? அத்தனை பழைய காலத்து ஆளின் வம்சாவளியை எப்படித் தேடுகிறார்கள்?

ஆலன்.

ஏதோ தேர்வுக்கோ கட்டுரைக்கோ கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவசரமென்றால் இந்த ஒரு பெயரோடு போய்விடலாம். ஆனால் உங்கள் ஆசிரியரோ விடைத்தாளோ "மால்கம்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? எனக்கு அது நடந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பதினோரு வருடமாக கிளாஸ்கோ பக்கத்தில் பெய்ஸ்லியில் இருக்கிறேன். ஒரு மருந்துக் கடையில் வேலை. வாலஸ் பிறந்த ஊர் என்று சொல்லப்படும் எல்டர்ஸ்லி எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் கொஞ்ச நேரம்தான். அங்கே 1912-இல் எழுப்பிய நினைவுச் சின்னம் இருக்கிறது. வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் போவேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபது வயதைத் தாண்டியவர், மனைவி இல்லை. அவருடைய குடும்பப்பெயரும் வாலஸ். வரவேற்பறைச் சுவரில் கண்ணாடி போட்ட கொடிவழிப் படம் ஒன்று மாட்டியிருப்பார். மேலே கேடயச் சின்னம், அதன் கீழே சர் மால்கம், அதன் கீழே சர் வில்லியம், அப்படியே கோடு இறங்கி இறங்கிக் கடைசியில் அவர் பெயர். வம்சாவளி தயாரித்துத் தரும் ஒரு வணிக நிறுவனத்திடம் முப்பது வருடத்துக்கு முன்னால் காசு கொடுத்து வாங்கியது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவார்.

நான் அப்போது பழைய கையெழுத்து வாசிக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். அங்கேதான் லூபெக் கடிதத்தைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். 1297 செப்டம்பர் 11 அன்று ஸ்டர்லிங் பாலத்தில் வாலஸும் ஆண்ட்ரூ மரேயும் ஆங்கிலப் படையைத் தோற்கடித்தார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 11 அன்று, ஹாடிங்டன் என்ற ஊரிலிருந்து இருவரும் ஜெர்மனியின் லூபெக், ஹாம்பர்க் நகரங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஸ்காட்லாந்து ஆங்கிலேயர் கையிலிருந்து மீண்டுவிட்டது, உங்கள் வணிகர்கள் பயமில்லாமல் சரக்கு கொண்டுவரலாம் என்பது சாரம். லூபெக்குக்குப் போன கடிதம் இன்றும் இருக்கிறது. அதில் தொங்கும் மெழுகு முத்திரையின் ஒரு பக்கம் ஸ்காட்லாந்தின் சிங்கம். மறுபக்கம் வில்லும் அம்பும், சுற்றிலும் தேய்ந்துபோன லத்தீன் எழுத்துகள். 1990களின் கடைசியில்தான் அந்த எழுத்துகள் கவனத்துக்கு வந்தன. வில்லெல்மஸ் ஃபிலியஸ் அலானி வாலைஸ். ஆலனின் மகன் வில்லியம் வாலஸ்.

நாம் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போடுகிறோம் இல்லையா, அதுபோலத்தான். முத்திரை என்பது அந்தக் காலத்துக் கையெழுத்து. தன் அப்பா பெயரை மனிதர் தன் முத்திரையிலேயே தப்பாகவா வெட்டிக்கொள்வார்?

அப்படியானால் மால்கம் எங்கிருந்து வந்தார்? பிளைண்ட் ஹாரி என்ற பாணர் 1470களில் பாடிய நீண்ட பாட்டிலிருந்து. வாலஸ் லண்டனில் கொல்லப்பட்டது 1305 ஆகஸ்ட் 23. நடுவில் ஏறக்குறைய நூற்றெழுபது வருடம். அந்தப் பாட்டு ஸ்காட்லாந்து மக்களின் மனதில் பைபிளுக்கு அடுத்த இடத்தில் இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பாட்டின் அழகு வேறு, ஆவணம் வேறு. அவ்வளவுதான்.

மால்கம் என்ற பெயர் அந்தக் குடும்பத்தில் இருந்தது உண்மை. 1299 ஆகஸ்டில் பீபிள்ஸ் என்ற ஊரில் ஸ்காட்லாந்துத் தலைவர்கள் கூடியபோது ஆங்கிலேயரின் ஒற்றன் ஒருவன் அங்கே நடந்ததை எழுதி அனுப்பியிருக்கிறான். வாலஸ் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போகிறார், அவருடைய நிலமும் பொருளும் எனக்கு வேண்டும் என்று சர் டேவிட் கிரஹாம் கேட்கிறார். முடியாது என்று எழுந்தவர் வாலஸின் உடன்பிறந்தவர் சர் மால்கம். இரண்டு பேரும் கத்தியை உருவிவிட்டார்கள். ஆக, வாலஸ் உயிரோடு இருந்தபோதே எழுதிய ஒரு தாளில் மால்கம் வருகிறார், ஆனால் சகோதரராக.

இதையெல்லாம் நான் சந்தோஷமாகப் போய்ப் பெரியவரிடம் சொன்னேன். அவர் மகிழ்வார் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. முத்திரையின் படத்தைக் காட்டினேன். வாலஸுக்கு முறையான வாரிசு இருந்ததற்கு அந்தக் காலத்து ஆவணம் எதுவும் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "டீ ஆறிப்போகிறது" என்றார். அதற்குப் பிறகு ஆறு வாரம் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் ஒரு வினாடி வினா. வாலஸின் தந்தை யார் என்ற கேள்விக்கு ஆலன் என்று எழுதினேன். தவறு என்றார்கள். முத்திரையைப் பற்றிச் சொன்னதும் ஒருவர் சிரித்துக்கொண்டே, "எங்கள் ஆளைப் பற்றி இந்தியாவிலிருந்து வந்து எங்களுக்கே சொல்லித் தருகிறீர்களா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் அங்கே இருந்தார், அவர் சிரிக்கவில்லை. ஒரு மதிப்பெண் போனது பெரிய விஷயமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசு கட்டாயமாகப் பதிவு செய்யத் தொடங்கியது 1855-இல். அதற்கு முன்னால் திருச்சபைப் பதிவேடுகள். அவற்றில் மிகப் பழையதே 1553-இல்தான் தொடங்குகிறது, எரல் என்ற ஊருடையது. அதற்கும் முந்தைய ஆளுக்கு நிலப் பட்டயங்கள், அவற்றின் அடியில் வரும் சாட்சிகளின் பெயர்கள், முத்திரைகள், நெருங்கிய உறவில் மணம் செய்ய போப்பிடம் வாங்கிய விலக்குகள், இவைதான் துணை. சாட்சிப் பட்டியலை லேசாக நினைக்காதீர்கள். ஒரு பிரபுவின் பட்டயத்தில் யார் யார் திரும்பத் திரும்பச் சாட்சியாக வருகிறார்கள் என்று பார்த்தாலே யார் யாருடைய ஆள், யார் யாருக்கு உறவு என்று மெல்லப் பிடிபடும். 1093-இலிருந்து கிடைக்கும் இப்படிப்பட்ட பெயர்களையெல்லாம் தொகுத்து "இடைக்கால ஸ்காட்லாந்தின் மக்கள்" என்ற தரவுத்தளத்தை ஆய்வாளர்கள் இலவசமாக வைத்திருக்கிறார்கள். முதலில் அங்கே போங்கள். ஆவணங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள். வாலஸ் எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேய மன்னர் முதலாம் எட்வர்ட் அள்ளிப்போனவை உண்டு. பின்னால் இங்கிலாந்தின் குரோம்வெல் ஆட்சியில் லண்டனுக்குப் போனவை 1660-இல் திரும்பி வரும் வழியில் கப்பலோடு கடலில் மூழ்கியதும் உண்டு.

வாலஸ் விஷயத்தில் இன்னொரு சிக்கல், அந்தப் பெயரேதான். வெல்ஷ்காரர் அல்லது பழைய பிரித்தானியர் வழிவந்தவர் என்பது அதன் பொருள். "வடக்கத்தியார்" என்று நாம் ஒருவரைக் குறிப்பிடுவதுபோல, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பலருக்கும் அந்தப் பெயர் ஒட்டியிருக்கும். பெயர் ஒன்று என்பதால் குடும்பம் ஒன்று என்று முடிவு கட்ட முடியாது.

இப்போதே சிலர் கீழே எழுத வருவார்கள் என்று தெரியும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1296-இல் எட்வர்டுக்குப் பணிந்து முத்திரையிட்டவர்களின் பட்டியலான ராக்மன் ரோலில், தென்மேற்கு ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் நேரடியாக அரசரின் நிலத்தை வைத்திருந்த ஓர் ஆலன் வாலஸ் வருகிறார். அவர்தான் நம் ஆலன் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வாய்ப்பு அதிகம் என்கிறேன். அதை வைத்து வாலஸ் எல்டர்ஸ்லிக்காரரே இல்லை, அயர்ஷயர்க்காரர் என்று வாதாடுபவர்கள் உண்டு. எல்டர்ஸ்லியை அவரிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று எனக்கு எந்த ஆசையும் இல்லை, என் பிள்ளைகள் ஓடி விளையாடிய இடம் அது. கற்பனையான வம்சாவளிக்குப் பெரிய குடும்பங்களும் விலக்கில்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஸ்காட்லாந்தை ஆண்ட ஸ்டுவர்ட் அரச வம்சமே பாங்கோ என்ற தளபதியின் வழி என்று ஹெக்டர் போய்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1527-இல் எழுதினார். ஷேக்ஸ்பியரும் அதை நாடகமாக்கிவிட்டார். பாங்கோ என்று ஒருவர் இருந்ததேயில்லை. அவர்கள் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் டோல் என்ற ஊரிலிருந்து வந்த குடும்பம் என்று பட்டயங்களை வைத்தே பின்னால் நிரூபித்தார்கள்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வருடம் இதே தளத்தில் மேரி ராணியைப் பற்றி நான் எழுதிய பதிலை ஒரு யூடியூப் சேனல் வரிக்கு வரி வாசித்துப் போட்டிருக்கிறது. பின்னணி இசை வேறு. என் பெயர் எங்கும் இல்லை. நான் போய்க் கேட்டதற்கு என் கருத்தையே நீக்கிவிட்டார்கள். இரவு வேலை முடிந்து வந்து, தூக்கத்தை விட்டு, ஒவ்வொரு தேதியையும் இரண்டு இடத்தில் சரிபார்த்து எழுதுகிறோம். ஒரு வரி நன்றி போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்? இதையும் எடுப்பார்கள் என்றால் ஆலனையாவது சரியாக உச்சரிக்கட்டும்.

பெரியவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஆறு வாரம் கழித்து ஒரு மாலை கதவைத் தட்டினார். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே அவருடைய தாத்தாவின் திருமணச் சான்று, இன்னும் சில தாள்கள். "படத்தில் இருப்பது சரியில்லை என்றால் சரியானது எது என்று பார்த்துக்கொடு" என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் இரண்டு பேரும் கணினி முன்னால் உட்காருகிறோம். 1841 கணக்கெடுப்பில் அவருடைய முன்னோர் ஒருவரைப் பிடித்தோம், பெய்ஸ்லியிலேயே சால்வை நெய்த நெசவாளி. அந்த வரியைத் திரையில் பார்த்ததும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த நெசவாளிக்கு முந்தைய தலைமுறையில்தான் இப்போது நிற்கிறோம். ஒரே திருச்சபையில், ஒரே காலத்தில் மூன்று ஜான் வாலஸ்கள். எவர் இவருக்கு அப்பா என்று தெரியவில்லை.

கண்ணாடி போட்ட படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. வருகிற சனிக்கிழமை இரண்டாவது ஜானின் ஞானஸ்நானப் பதிவைத் தேட வேண்டும்.