ஏவியேஷன் டிப்ளமோவுக்காக வளையலை அடகு வைக்காதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, கேபின் க்ரூ (விமானப் பணிப்பெண்) வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். சென்னையில் ஒரு வருட ஏவியேஷன் டிப்ளமோவுக்கு ஒன்றே முக்கால் லட்சம் கட்டச் சொல்கிறார் தாய்மாமா. வளையலை வைத்துக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் கட்டாதீர்கள்.

விமான நிறுவனங்கள் கேட்கும் படிப்பு பிளஸ் டூ தேர்ச்சிதான். தீயை அணைப்பது, முதலுதவி, பயணிகளை அவசரமாக வெளியேற்றுவது எல்லாவற்றையும் ஆளை எடுத்த பிறகு நிறுவனமே கற்றுக்கொடுத்துப் பரீட்சையும் வைக்கும். வாக்-இன் நேர்காணலுக்கு அவள் நேராகவே போகலாம்.

முதலில் அளந்து பாருங்கள். இங்குள்ள நிறுவனங்களில் பெண்களுக்குப் பொதுவாக 155 செ.மீ. உயரம், வயது 18 முதல் 27 வரை. எமிரேட்ஸ் கேட்பது 160 செ.மீ., 21 வயது, அதோடு நுனிக்காலில் நின்று கை 212 செ.மீ. எட்ட வேண்டும். சுவரில் 212-இல் சாக்பீஸ் கோடு போட்டு, செருப்பில்லாமல் நிற்கச் சொல்லுங்கள். இருக்கைக்கு மேலுள்ள பெட்டிகளில் அவசர சாதனங்களும் இருக்கும் என்பதால்தான் இந்த அளவு. எட்டாத கையை எந்த டிப்ளமோவும் நீட்டாது.

யாரும் சொல்லாத வழி ஒன்று உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: பாண்டிச்சேரி ஹோட்டல்களின் வரவேற்பு மேசை. வாடிக்கையாளர் சேவையில் ஒரு வருட அனுபவத்தையும் எமிரேட்ஸ் கேட்கிறது. கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்து 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஏசி ஓடவில்லை என்று கத்துகிறவரைச் சமாளிக்க வேண்டும், பில் தகராறைத் தீர்க்க வேண்டும். வகுப்பறையில் இதெல்லாம் வராது. பகல் ஷிப்ட் கேளுங்கள். நியமனக் கடிதமும் மாதாமாதம் சம்பள ரசீதும் கட்டாயம் வாங்கட்டும், இல்லாவிட்டால் அந்த அனுபவத்தை யாரிடமும் காட்ட முடியாது. சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து 1889 முதல் அங்கே இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு படித்தால், சர்வதேச நிறுவனங்களில் அது தனித்துத் தெரியும். பட்டம் வேண்டுமென்றால் தொலைதூரக் கல்வியில் சேர்த்துக்கொள்ளலாம். "ஹோட்டல் வேலைக்கா அனுப்புறே?" என்று உறவில் யாராவது கேட்டால், ஒன்றே முக்கால் லட்சத்தை அவர் தருவாரா என்று கேளுங்கள்.

பாஸ்போர்ட்டை இப்போதே எடுங்கள். சாதாரண விண்ணப்பத்துக்கு 1,500 ரூபாய். நம் பிள்ளைகள் பலர் சிக்குவது இனிஷியலில்தான். மதிப்பெண் சான்றிதழில் 'எஸ்.' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதியாக வேண்டும். ஆதார், சான்றிதழ், நிரப்பிய பாஸ்போர்ட் விண்ணப்பம் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் இணைக்க மறக்காதீர்கள்.

நேர்காணலில் ஆங்கில அறிவிப்பை வாசிக்கச் சொல்வார்கள். 'ஃப்ளைட்', 'ஃபாஸன்' (fasten), 'சேஃப்டி' மூன்றிலும் வரும் 'ஃப' நம் வாயில் 'ப' ஆகிவிடும். மேல் பல் கீழுதட்டைத் தொட்டுக் காற்று வர வேண்டும். தினமும் ஒரு நிமிடம் வாசித்து போனில் பதிவு செய்யட்டும், நீங்களும் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எங்கே ஓடுகிறாள், எங்கே விழுங்குகிறாள் என்பது உங்கள் காதுக்குத் தெரியும். குழுப் பேச்சில் அதிகம் பேசியவரைத் தேடமாட்டார்கள். பேசாமல் இருப்பவரைப் பெயர் சொல்லிப் பேச்சுக்குள் இழுப்பவரைக் கவனிப்பார்கள். குடித்துவிட்டு இன்னும் கேட்கும் பயணியை என்ன செய்வாய் என்று கேட்டால், "நிதானமாக மறுப்பேன், உடனே மூத்த க்ரூவிடம் சொல்வேன்" என்பது சரி. தனியாகச் சமாளிப்பேன் என்பது தவறு.

ஜிப்மரில் பாட்டியோடு காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்களுக்கும் டோக்கன் எடுத்துக்கொடுத்தாள் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். இந்த வேலைக்கு வேண்டிய குணம் அதுதான். ஐம்பது இருக்கைக்கு ஒரு க்ரூ என்பது கணக்கு. நெரிசலில் ஆளைப் பார்த்து உதவத் தெரிந்தவள்தான் அங்கே நிலைப்பாள். அவள் விருப்பத்தைத் தடுக்காதீர்கள்.

வேலை உறுதி, டெபாசிட் அனுப்புங்கள் என்று விமான நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல் வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். இண்டிகோவும் ஏர் இந்தியாவும் ஆள் எடுக்கப் பணம் வாங்குவதில்லை.