மீனவ ஊர்கள் வழியே காரில் போய்க் கடற்பறவை பார்க்க ஒரு நாளைக்கு எத்தனை ஊர் வைக்கலாம்?

பத்து நாள் விடுப்பு, சொந்தக் கார், கடலோரச் சாலை, சின்னச் சின்ன மீனவ ஊர்கள், கூடவே கடற்பறவைகள். இதில் ஒரு நாளைக்கு எத்தனை ஊர் அடங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு நாளைக்கு ஓர் ஊர். பத்து நாளில் ஐந்து ஊர், அதற்கு மேல் வேண்டாம்.

வரைபடத்தில் ஏற்கெனவே பதினைந்து ஊருக்குப் புள்ளி வைத்திருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பட்டியலோடு கிளம்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலை எட்டரைக்குப் புறப்பட்டு, பதினொரு மணிக்கு ஒரு துறைமுகத்தில் நிற்பீர்கள். ஏலம் முடிந்து தரையைக் கழுவி விட்டிருப்பார்கள். படகுக்காரர்கள் தூங்கப் போயிருப்பார்கள். கடற்காகங்கள் (ஆங்கிலத்தில் gull) கூரை மேல் ஒற்றைக்காலில் நிற்கும். கழிமுகத்துக்குப் போனால் நீர் வற்றி, பறவைகள் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புள்ளிகளாகத் தெரியும். மதியம் இரண்டு மணிக்கு அடுத்த ஊர், அங்கும் இதே காட்சி. பிறகு அந்தக் கடற்கரையில் பறவையே இல்லை என்று எழுதுவீர்கள். பறவை இருந்தது, நேரம்தான் தவறியது.

இந்தப் பயணத்தைக் கிலோமீட்டரால் அளக்கக் கூடாது, கடலேற்றத்தால், அதாவது கடல்நீர் கரையில் ஏறி உச்சத்தைத் தொடும் நேரத்தால், அளக்க வேண்டும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் பிந்தும். இன்று காலை ஏழு மணிக்கு உச்சம் என்றால் நாளை எட்டு மணிக்குச் சற்று முன்பு. ஓர் ஊரில் இரண்டு இரவு தங்கினால் பகல் வெளிச்சத்தில் குறைந்தது இரண்டு ஏற்றமாவது கிடைக்கும். ஒன்று மழையில் போனாலும் இன்னொன்று மிஞ்சும். மத்தியதரைக் கடல் மாதிரி ஏற்றமும் இறக்கமும் மிகக் குறைவாக உள்ள இடங்களில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே படகு திரும்பும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: கழிமுகம், முனை, துறைமுகம். கழிமுகத்துக்கு உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். சேற்றில் மேயும் உள்ளான் என்னும் சிறு கரைப்பறவைகளை நீர் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு வரும். நீங்கள் நகரத் தேவையில்லை, அவையே உங்களை நோக்கி வரும். கடைசியில் மூழ்காமல் மிஞ்சும் மணல்திட்டில் எல்லாம் நெருங்கி நிற்கும், ஆலாக்களும் (ஆங்கிலத்தில் tern) அங்கேயே வந்து இறங்கும். இந்த இரண்டு மணி நேரத்தில் நடந்து திரிந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

ஏற்ற அட்டவணையைப் படிப்பதில் மூன்று இடத்தில் ஏமாறுவோம். முதலாவது, அதில் உள்ள நேரம் பெரிய துறைமுகத்துக்கானது. பக்கத்துச் சிற்றூருக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்பின் ஆகலாம், அந்தத் திருத்தம் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டாவது, கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகளில், அச்சிட்ட அட்டவணை பல சமயம் பழைய நேரத்திலேயே இருக்கும். பிரிட்டனில் இது அடிக்கடி நடக்கும், ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது காற்றழுத்தம். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். புயல் தாழ்வு வரும் நாளில் அமாவாசையோ பௌர்ணமியோ சேர்ந்துவிட்டால், அட்டவணையில் இல்லாத உயரத்துக்கு நீர் வரும். கரையில் பாசி ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்குக் கீழே காரை நிறுத்தவே கூடாது என்பது இதனால்தான்.

அடுத்து முனை, அதாவது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டு நிலம். ஷியர்வாட்டர், ஸ்குவா போன்ற ஆழ்கடல் பறவைகளைக் கரையிலிருந்து பார்க்க இதுதான் இடம். கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று அடிக்க வேண்டும், அல்லது முந்தின இரவு பலமாக அடித்து ஓய்ந்திருக்க வேண்டும். அமைதியான, தெளிந்த வானம் உள்ள நாளில் இந்தப் பறவைகள் தொலைவிலேயே போய்விடும். விடிந்து முதல் இரண்டு மணி நேரம் சிறந்தது. ஆனால் கிழக்குக் கரையில் அப்போது சூரியன் எதிரே இருக்கும், பறவைகள் கருநிழலாகத்தான் தெரியும், அங்கே மாலை நேரமே மேல்.

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மீட்டரில் உங்கள் கண்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். இரண்டு மீட்டரிலிருந்து 5 கிலோமீட்டர், 25 மீட்டரிலிருந்து 18 கிலோமீட்டர். அதற்காக நூறு மீட்டர் மலை மேல் ஏறாதீர்கள். மேலிருந்து பார்த்தால் பறவைக்குப் பின்னணியாக வானம் இல்லாமல் நீரே இருக்கும், கண்டுபிடிப்பதே கஷ்டம். 10 முதல் 25 மீட்டர் போதும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் எந்தப் பறவையையும் பெயர் சொல்லி அடையாளம் காண்பது அரிது.

மூன்றாவது இடம் துறைமுகம். படகு வரும் நேரத்தைக் கைப்பேசியில் தேடாதீர்கள், முந்தின நாள் மாலை வலை சரிபார்ப்பவரிடம் கேளுங்கள். ஆழமில்லாத துறைமுகங்களில் ஏற்றத்தில்தான் படகு உள்ளே வர முடியும், ஆகவே அங்கேயும் ஏற்றமே மணி. படகுக்குப் பின்னால் வரும் கூட்டத்தைப் பாருங்கள். கழித்துப்போட்ட மீனைக் கடற்காகங்கள் பொறுக்கும், ஓரமாக வரும் ஸ்குவா அவற்றைத் துரத்திக் கக்க வைத்துப் பிடுங்கும். ஐரோப்பிய ஒன்றியம், பிடித்ததைக் கடலில் கொட்டாமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதியை 2015 முதல் 2019 வரை படிப்படியாகக் கொண்டுவந்தது. ஆகவே பழைய புத்தகத்தில் இருக்கும் வர்ணனையை நம்பி அதே அளவு கூட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

மீனவர் வாழ்வும் பறவை வாழ்வும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1992 ஜூலை 2 அன்று அங்கே காட் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள், ஊர் ஊராகக் காலியானது. செவுள்வலைகள் கடலை விட்டுப் போன பிறகு, அவற்றில் சிக்கிச் செத்துக்கொண்டிருந்த முக்குளிக்கும் பறவைகள் பெருகின. மீன்கழிவை நம்பியிருந்த கடற்காகங்கள் குறைந்தன. அந்த ஊர்களில் போய், மீன்பிடிப்பு நின்றது பறவைக்கு நல்லதுதானே என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அது அவர்கள் வீட்டு இழவு.

பருவத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகமானோர் தவறுவது இதில்தான். வட அட்லாண்டிக்கில், வண்ண அலகுள்ள பஃபின் முட்டையிட ஏப்ரலில் கரைக்கு வரும், ஆகஸ்ட் நடுவுக்குள் போய்விடும். பாறை விளிம்பில் முட்டையிடும் கில்லிமாட் அதற்கும் முந்தி, ஜூலை முடிவதற்குள் பாறைகள் காலியாகிவிடும். அதன் குஞ்சு மூன்று வார வயதிலேயே, பறக்கத் தெரியாமலே, பாறையிலிருந்து கடலில் குதிக்கும். தந்தை அதோடு நீந்திப் போகும். பள்ளி விடுமுறைக்கு ஏற்ப ஆகஸ்ட் கடைசியில் போகிறவர்கள் எச்சம் படிந்த வெறும் பாறையைத்தான் பார்ப்பார்கள். கேனட் என்னும் பெரிய வெள்ளைக் கடற்பறவை மட்டும் செப்டம்பர் தாண்டியும் இருக்கும், பிந்திப் போகிறவர்கள் அதற்குத் திட்டமிடலாம். நியூஃபவுண்ட்லாந்தின் கேப் செயின்ட் மேரிஸில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் கேனட் பாறை சில மீட்டர் தொலைவில் எதிரே நிற்கும். கடும் மூடுபனியிலும் பறவை தெரியும் இடம் அது.

வட அட்லாண்டிக்கையே சொல்கிறாயே என்று யாராவது கேட்பீர்கள். தென் அரைக்கோளத்தில் இந்த மாதங்களை அப்படியே தலைகீழாக்குங்கள். வெப்பமண்டலத்தில் அதுவும் உதவாது. அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவில் கரும்புகை நிற ஆலா வகை ஒன்று 9.6 மாதத்துக்கு ஒரு முறை முட்டையிட வருகிறது, நம் நாட்காட்டிக்கு அது கட்டுப்படுவதில்லை. அத்தகைய இடங்களுக்கு உள்ளூர்ப் பறவைக்குழுவின் அண்மைப் பதிவுகளைப் பார்த்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு வெளியேதான், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். கடல் மேல் வெள்ளையாகப் பறப்பதெல்லாம் நமக்கு ‘சீகல்’ ஆகிவிட்டது. தமிழில் ஆலா என்று ஒரு சொல் இருக்கிறது, கடற்காகம் என்று வேறொரு சொல் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு பறவைகள். ஆலாவுக்குக் கூர்மையான அலகு, ஒடுங்கிய இறக்கை, பெரும்பாலும் பிளவுபட்ட வால். அது நின்ற இடத்தில் சிறகடித்துத் தலைகுப்புறக் குதிக்கும். கடற்காகம் தடித்த உடம்போடு நீரில் மிதக்கும், கரையில் நடக்கும், கிடைத்ததைத் தின்னும். இந்த ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டுவிட்டால் பாதிப் பறவைகள் பிரிந்துவிடும். பெரிய கடற்காகங்களை உடனே பெயரிட முயல வேண்டாம். முழு வளர்ந்த இறகு வர அவற்றுக்கு நான்கு ஆண்டு ஆகும், அதுவரை ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு பழுப்பு.

கருவிக்கு 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும். 10 மடங்கு, காற்றில் கை நடுங்கும். இணையக் கடைகளில் 180×100 என்று அச்சடித்து விற்கிறார்களே, அதைக் கண்டால்தான் கோபம் வருகிறது. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் கிடைக்கும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 100ஐ 180ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டர், அதாவது இருட்டு. அந்த 100 என்பதும் பல பெட்டிகளில் உண்மை இல்லை, அளவுகோல் வைத்துப் பாருங்கள். முதல் முறை பறவை பார்க்க வருகிறவர்களை இப்படி ஏமாற்றி, பறவை பார்ப்பதே சலிப்பு என்று விலக வைக்கிறார்கள். முனைக்கு ஸ்கோப், அதாவது முக்காலியில் வைக்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி, இருந்தால் நல்லது, 25 அல்லது 30 மடங்கில் வையுங்கள். 60க்குப் போனால் கானல்தான் பெரிதாகும். முக்காலியைத் தாழ்த்தி, உட்கார்ந்து பார்த்தால் காற்று ஆட்டாது.

கார் நல்ல மறைவிடம். மனிதன் இறங்கினால் ஓடும் பறவை, காருக்குள் இருப்பவரைப் பொருட்படுத்தாது. எஞ்சினை அணைத்துவிடுங்கள், அதிர்வும் பானெட்டின் வெப்பமும் படத்தைக் கலக்கும். கண்ணாடியை இறக்கி, அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பையை அதன் விளிம்பில் வைத்து அதன் மேல் லென்ஸை வையுங்கள். மணலில் ஓட்டவே வேண்டாம். புதைவதைச் சொல்லவில்லை, ஆலாவும் மணற்கரையில் முட்டையிடும் சிறு பறவைகளும் கூடு கட்டுவதில்லை, மணலில் ஒரு குழிதான். முட்டை கூழாங்கல் நிறத்தில் இருக்கும், சக்கரத்துக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை காரின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவுங்கள், உப்பு முதலில் பிரேக் குழாய்களையும் போல்ட்களையும் அரிக்கும்.

துறைமுகத்தில் படகை இழுத்து ஏற்றும் சரிவிலும், ஐஸ் வண்டி திரும்பும் இடத்திலும் நிறுத்தாதீர்கள். காயப்போட்ட வலை மேல் நடக்காதீர்கள், விறைத்து நிற்கும் கயிற்றைத் தாண்டாதீர்கள். மீன் எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள், அது அவர்கள் தொழில் ரகசியம். எந்தக் காற்றில் படகு கடலுக்குப் போகாது என்று கேளுங்கள். அந்தப் பதில் உங்களுக்கும் வேண்டியதுதான், அதே காற்றில்தான் பறவைகள் துறைமுகத்துக்குள் ஒதுங்கும்.

ஆலாக்கள் முட்டையிடும் இடத்தில் தலைக்கு மேல் வந்து கொத்தினால், நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். வந்த வழியே திரும்புங்கள். உயரமான நுனியைத்தான் கொத்தும், ஒரு குச்சியைத் தலைக்கு மேல் பிடித்தால் போதும். பறவைகள் பறக்கும் படம் வேண்டும் என்று கூட்டத்துக்குள் ஓடுகிறவர்கள், வெயிலில் முட்டை வேகச் சில நிமிடம் போதும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தூண்டில் சிக்கிய பறவையைக் கண்டால் முதலில் அந்தப் பகுதியில் பறவைக்காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். 2022இல் ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் தீவுக் கேனட்களிடம் அது பரவியது, பிழைத்த சிலவற்றின் வெளிர் நீலக் கண் கறுத்துப்போனது. காய்ச்சல் இருந்தால் தொடாமல் உள்ளூர் மீட்புக் குழுவுக்குச் சொல்லுங்கள், காலணியைக் கழுவாமல் அடுத்த ஊருக்குப் போகாதீர்கள். காய்ச்சல் இல்லை, மீட்புக் குழுவும் தொலைவில் என்றால் இருவராகச் செய்யுங்கள். ஒருவர் துண்டைத் தலை மேல் போட்டு இறக்கைகளை உடம்போடு சேர்த்துப் பிடிக்கட்டும். தோலில் மட்டும் ஏறிய தூண்டில் முள்ளைப் பின்னால் இழுக்காமல், நுனியை முன்னே தள்ளி வெளியே எடுத்து, எதிர்ச்செதிலை (முள் நுனியில் பின்நோக்கி நிற்கும் கூரை) கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டு, மிச்சத்தைத் திரும்ப உருவுங்கள். விழுங்கியிருந்தால் இழுக்காதீர்கள். தூண்டில் நூலை வாயோரம் வெட்டாமல் ஒரு முழம் விட்டு வையுங்கள், மருத்துவருக்கு முள் இருக்கும் இடம் அதைப் பிடித்துத்தான் தெரியும். கேனட்டுக்கும் நீர்க்காகத்துக்கும் வெளியே திறந்த மூக்குத்துளை கிடையாது, வாயால்தான் மூச்சு விடும். கொத்துகிறதே என்று அலகை ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டினால் உங்கள் கையிலேயே செத்துவிடும். அலகைக் கையால் பிடியுங்கள், நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.