டெல்லிப் பதிவு 320டி: வாங்கலாமா?

மதுரை நண்பரே, 2013 பிஎம்டபிள்யூ 320டி டெல்லியிலிருந்து புது ஸ்விஃப்ட் விலைக்கே வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலை இறங்கியதற்கு முக்கியக் காரணம், அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் கார்களுக்கு உள்ள கட்டுப்பாடு. அதனாலேயே வண்டி மோசம் என்றில்லை. ஆனால் வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக டெல்லி ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று (என்ஓசி) கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். இங்கே மறுபதிவுக்குச் சாலை வரி தனி.

எனக்குப் பயம் இன்ஜினில்தான். அந்த வருட 320டி-யில் இருப்பது என்47 டீசல். அதன் டைமிங் செயின், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி, இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. மாற்றுவதென்றால் பெரிய பிரிப்பு வேலை, செயினை விடக் கூலிதான் அதிகம். அறுந்தால் இன்ஜினே போச்சு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து, இன்ஜினின் பின்பக்கம் செயின் உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். புரோக்கர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் கியர்பாக்ஸ் ஆயில். ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்பார்கள். அந்த 8 கியர் பெட்டியைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அதற்கு பில் இருக்கிறதா பாருங்கள்.

கையில் இருப்பதை எல்லாம் போட்டு, மீதியைத் தவணையில் கட்டித்தான் வாங்க முடியும் என்றால் வேண்டாம் சார். வண்டி பழசானாலும் உதிரிபாகம் பிஎம்டபிள்யூ விலையில்தான் வரும்.